மடிப்பதற்கு இரண்டு பேர்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கணவனின் தங்கையும் அங்கேயே வேலை பார்த்தாள். அவள் வாய்க்கு வாய் அண்ணி என்று கூப்பிட, வேன் டிரைவரிலிருந்து சூப்பர்வைசர் வரைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடித்து மாளாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, நெருங்கி வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். மெஷின் இரைச்சலில் நெருங்கும்போதுதான் பேச்சு காதில் விழும். அதனால் அண்ணி ஒவ்வொரு வரியாகக் கதை சொல்லப் பழகியிருந்தாள். ஒரு வரி சொல்லிவிட்டு விலகுவாள். அடுத்த வரிக்காக நாத்தனார் கை பரபரக்க மடிப்பாள்.

ஒரு நாள் சூப்பர்வைசரும் நின்று கேட்டார். "உங்களுக்கு இங்க என்னம்மா வேலை? பேசாம கதை எழுதப் போங்க."

திட்டா பாராட்டா என்று அண்ணிக்குப் பிடிபடவில்லை. நாத்தனார் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். அன்று தொடங்கியது நச்சரிப்பு.

"எழுதி? யார் படிப்பா?"

"யாரும் படிக்காமலா வாராவாரம் பத்திரிகை போடறாங்க?"

கணவன் சட்டையைத் தேய்த்தபடி, "அவ பிடிச்சா விடமாட்டா. எழுதிடு, வீட்டுல நிம்மதி இருக்கும்" என்றான்.

எழுதி அனுப்பினாள். வெளிவந்தது. பத்திரிகை ஆசிரியர் தொடர்கதை கேட்டார். ஷிப்டுக்கு நடுவே அது முடிகிற காரியமாக இல்லை. யோசித்து யோசித்து, கடைசியில் வேலையை விட்டாள். வழியனுப்பும்போது நாத்தனார் அழவில்லை. "போய் எழுதுங்க" என்றாள், புது ஆளிடம் மறுமுனையைக் கொடுத்தபடி.

வீட்டில் அமைதியாக இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. வாக்கியங்கள் நீண்டுகொண்டே போயின. "வளவளன்னு இருக்கேம்மா" என்றார் ஆசிரியர்.

ஞாயிற்றுக்கிழமை தாள்களோடு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். "கொஞ்ச நேரம் கேளேன்."

நாத்தனார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வாரம் பூரா நின்னுட்டு வரேன் அண்ணி. இன்னிக்கு நான் தூங்கணும்."

"எழுது எழுதுன்னு உயிரை வாங்கினது நீதானே?"

"ஆமா. உங்களால முடியும்னு சொன்னேன். கூடவே நிக்கிறேன்னு சொன்னேனா?"

அண்ணி எழுந்து வந்துவிட்டாள். அந்த வார அத்தியாயத்தில் புதிதாக ஒரு நாத்தனார் நுழைந்தாள். பொல்லாதவள், நாக்கில் விஷம். அவள் வந்ததும் கதை துள்ளி ஓடியது. ஆசிரியருக்குப் பிடித்துப்போயிற்று.

பத்திரிகை வெளியான மறுநாள் போன் வந்தது.

"என்னை வில்லி ஆக்கிட்டீங்களாமே. டிரைவர் சொல்லி எல்லாரும் சிரிக்கிறாங்க."

அண்ணி அவசரமாகச் சொன்னாள்: "அது நீ இல்ல."

"நான்தான், தெரியாதா எனக்கு? அது போகட்டும். கதையில காணாமப் போன நகையை அவதான் எடுத்தாளா?"

"அடுத்த வாரம் படி."

தொடர் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடி, புத்தகமாகவும் வந்தது. அந்தப் பொல்லாதவளைச் சாகடித்துவிடலாம் என்று ஆசிரியர் சொல்லிப் பார்த்தார். அண்ணி மறுத்துவிட்டாள். நாத்தனார் வாராவாரம் பத்திரிகை வாங்கினாள். ஆனால் அந்தப் பாத்திரம் வருகிற பக்கங்களை மட்டும்தான் படித்தாள்.