தம்மாமுக்குப் பாலம் இருக்கிறது

மூத்தவன் சிவசைலம் சவுதியில், தம்மாமில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன். அப்பா பிச்சைக்கண்ணு விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை முடிந்து, மனைவியும் போன பிறகு தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவர். அவரிடம் அவன் கேட்டது ஒன்றுதான்.

“எப்பா, நான் கண்ணு முழிக்கையில நம்ம ஆளு ஒருத்தன் பக்கத்துல இருந்தா நல்லாருக்கும். தம்பிய வரச் சொல்லேன். நான் கூப்பிட்டா அவன் எடுக்க மாட்டான்.”

தம்பி சுடலைராஜ் இருப்பது பஹ்ரைனில். சவுதிக்கும் அதற்கும் நடுவே கடல்மேல் ஒரு பாலம், அவ்வளவுதான். பிச்சைக்கண்ணு மனதுக்குள் அதைத் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே உள்ள ஆற்றுப்பாலம் மாதிரி வைத்திருந்தார்.

“நீ நினைக்க மாதிரி இல்லப்பா,” என்றான் சுடலைராஜ் போனில். “அரபிக்காரன் அடையாள அட்டையக் காட்டிட்டுப் போயிருவான். அவனுக்கு விசாவே வேண்டாம். என் கார்டுல லேபர்னு போட்டிருக்கு. லேபருக்கு சவுதிக்காரன் விசா தர மாட்டான்.”

பிச்சைக்கண்ணு நம்பினார். ஆனாலும் ஏதாவது வழி இருக்கும் என்று மறுநாள் காலை பஸ் ஏறி அம்பாசமுத்திரம் போனார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் விமான டிக்கெட் போடும் கடை வைத்திருக்கும் ஜெனோ அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள்.

“அது பழைய கதை அண்ணாச்சி. இப்ப என்ன வேலைன்னு பாக்கது இல்ல. பஹ்ரைன் கார்டு இன்னும் மூணு மாசமாவது செல்லணும், பாஸ்போர்ட்டு ஆறு மாசம். போன்லயே விசா போட்டுறலாம். தம்பி கார்டு எப்ப முடியுது?”

“இப்பத்தான் ஆடியில புதுப்பிச்சான்.”

“பொறவு என்ன? விவரம் தெரியாம உக்காந்திருக்காங்க. நீங்க சொல்லுங்க.”

விவரம் தெரியவில்லை, அவ்வளவுதான். பிச்சைக்கண்ணுவுக்கு நெஞ்சு லேசானது. கடை வாசலிலேயே நின்று மகனைக் கூப்பிட்டு, மூணு மாசம், ஆறு மாசம் எல்லாவற்றையும் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்.

“உன்ன யாரு விசாரிக்கச் சொன்னா?” என்றான் சுடலைராஜ்.

“ஏலே, உனக்குத் தெரியாதோன்னுதான்…”

“தெரியும். அம்மைக்குக் கொள்ளி வைக்க வேண்டியது இளையவன். அன்னைக்கு நான் திருவனந்தபுரத்துல இறங்கி டாக்ஸியில வந்துகிட்டு இருக்கேன். அதுவரைக்கும் பொறுக்க முடியல அண்ணனுக்கு. அவனே வச்சான். நான் வந்து பாத்தது சாம்பலத்தான். இப்ப அவன் கண்ணு முழிக்கையில நான் நிக்கணுமோ?”

போனை வைத்துவிட்டான். பிச்சைக்கண்ணுவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

சாயங்காலம் சிவசைலம் கூப்பிட்டான்.

“அவனுக்கு விசா கிடைக்கலியாம்லே. கார்டுல லேபர்னு இருக்காம். துடிச்சுப் போயிட்டான்,” என்றார் பிச்சைக்கண்ணு. கடைசி வார்த்தை தேவையில்லாதது. வாயில் வந்துவிட்டது.

“பக்கத்துக் கட்டில்ல ஒரு மலையாளி கெடக்கான். அவன் மச்சினன் பஹ்ரைன்லருந்து வந்திருக்கான். கொத்தனாரு.”

பிச்சைக்கண்ணு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அவனுக்கு எப்படியோ கிடைச்சிருக்கு,” என்றான் சிவசைலம். “சட்டம் ஆளுக்கு ஆளு மாறும்போல.”

“மாறும்போல.”

பிச்சைக்கண்ணு போனை மறு காதுக்கு மாற்றினார்.

“அந்த மச்சினன்கிட்ட போனக் குடு,” என்றார்.

“எதுக்கு?”

“குடுலே.”

போன் கைமாறியது. காது கேளாதவனிடம் பேசுவது போல பிச்சைக்கண்ணு சத்தமாகச் சொன்னார்: “தம்பி, ஞாயித்துக்கிழமை எம் மவன் கண்ணு முழிக்கையில பக்கத்துல ஆளு கிடையாது. நீ கொஞ்சம் நில்லு. பேசாண்டாம். நின்னாப் போதும்.”

“சேட்டா, இவரு தம்பி பஹ்ரைன்லதானே இருக்கு? வரலியா?”

“அவனுக்கு விசா கிடைக்கல.”

பாலம் கடந்து வந்தவன், “சரி சேட்டா,” என்றான். “ஞான் நிக்குறேன்.”