பெனால்டி புள்ளியில் ஒரு வீடு

எங்கள் நகராட்சியின் நிலப்பதிவு அறையில், என் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். ‘கிழக்கெண்ணில் 245 மீட்டர் கழி, வடக்கெண்ணில் 368 மீட்டர் கழி.’ எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் எழுதியது. எங்கள் வரைபடம் பழைய அளவை முறையில் போட்டது. பெரு நாடு புதிய முறைக்கு மாறிப் பல வருஷமாகிறது, நாங்கள் மாறவில்லை. யாராவது ஒரு வீடு எங்கே என்று கேட்டால் வரைபடத்தின் எண்ணைப் பார்ப்போம், துண்டுக் காகிதத்தைப் பார்ப்போம், மனசுக்குள் கழித்துச் சொல்வோம். ஒரு தடவைகூடத் தப்பானதில்லை.

பிறகு, அரசு அலுவலகங்கள் தங்கள் நிலத் தகவல்களை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தலைநகர் லீமாவிலிருந்து உத்தரவு வந்தது. மேயர் கையெழுத்துப் போட்டார். ஏழு அலுவலகத்துக்காரர்கள் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு ஆட்டுக்கறி சாப்பிட்டார்கள். நான் எங்கள் வரைபடத்தை அனுப்பிவைத்தேன். துண்டுக் காகிதம் திரையில் ஒட்டியிருந்தது. அதையும் அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதில் மாட்டியது ஒரே ஆள், தோன்யா பெட்ரோனிலா செர்னாகே. பெரியவர்களை மரியாதையாகப் பெண்ணென்றால் தோன்யா, ஆணென்றால் தோன் என்போம். இரண்டு வருஷத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் வீடிழந்த மற்றவர்கள் மேட்டுக் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மனைகளைப் புதுக் கருவியால், புதிய முறையிலேயே அளந்தார்கள். இந்த அம்மாள் மட்டும் தன் நிலத்தை விட்டு நகர மாட்டேன் என்று ஆற்றோரத்திலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆறு அவருடைய வீட்டையும் எலுமிச்சைத் தோப்பையும் துடைத்து எடுத்துக்கொண்டு, முக்கால் ஹெக்டேருக்கு மணலை நிரவிவிட்டுப் போயிருந்தது. நிலத்தின் மேட்டு ஓரத்தில் வைக்க அரசாங்கம் ஒரு பலகை வீடு ஒதுக்கியிருந்தது. அடுத்த மழைக்கு முன்னால் அது வந்தாக வேண்டும். இரண்டு வருஷமாகத் தைத்துத் தைத்து, அந்தக் கூடாரத்தில் துணியைவிட நூல்தான் அதிகம்.

வீடு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லாரியில் வந்து இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் பலகைகளைப் பொருத்தி, தகரம் போட்டு, எண்களோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் கழிக்காமல் கொடுத்த எண்தான், ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. வீடு நின்றது நானூற்று நாற்பது மீட்டர் வடகிழக்கே, எங்கள் பேட்டைக் கால்பந்து மைதானத்தில், தெற்குக் கோலுக்கு எதிரே, பெனால்டி அடிக்கும் இடத்தில்.

மறுநாள் காலை கிளப் தலைவர் தோன் செகுந்தோ இபனாகே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஏம்ப்பா, எங்க கோலுக்கு முன்னால வீடு ஒண்ணு முளைச்சிருக்கே. கோல்கீப்பர் குடும்பத்தோட தங்கறதுக்கா?”

“தப்பு நடந்துபோச்சு தோன் செகுந்தோ. இன்னைக்கே கடுதாசி எழுதறேன்.”

“எழுது, எழுது. ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு. ஜன்னல் வழியா பந்து போனா கோலா இல்லையான்னும் ஒரு வரி கேட்டு எழுது.”

எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: ‘தங்கள் தகவல் ஏழு அலுவலகங்களாலும் ஏற்கப்பட்டுவிட்டது. வரைபடமும் தரையும் மாறுபடுமாயின், தரையைச் சரிசெய்து அறிக்கை அனுப்பவும்.’ ஆய்வாளர் வருவதற்குள் வீட்டை நகர்த்தினால் ஒதுக்கீடு ரத்தாகும் என்று கீழே இன்னொரு வரி. ரத்தானால் அந்த அம்மாளுக்கு வீடும் இல்லை, மழையைக் கூடாரமும் தாங்காது. ஆகவே பாத்திரம் பண்டத்தோடு பெனால்டி புள்ளிக்குக் குடிவந்தார். மேட்ச் நின்றுவிடவில்லை. கூரையில் பட்டால் கார்னர் என்று இரண்டு அணியும் பேசி முடிவு செய்துகொண்டார்கள்.

அவர் குடிவந்து ஒரு மாதம் கழித்து உண்மையைச் சொல்லிவிடப் போனேன். அதற்குள் மின்சார அலுவலகம் கம்பம் நட்டு மீட்டர் மாட்டியிருந்தது. தண்ணீர்க்காரர்கள் குழாய் போட்டிருந்தார்கள். கதவில் கணக்கெடுப்பு ஸ்டிக்கர். எங்கள் ஊர் வரலாற்றில் ஏழு அலுவலகங்கள் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை.

“தோன்யா, தப்பு என்னோடதுதான். ஒரு துண்டுக் காகிதத்தை அனுப்பாம விட்டுட்டேன்” என்றேன்.

சுரைக்குடுவையில் சிச்சா என்கிற சோளக் கள் ஊற்றிக் கொடுத்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“ஆத்தோரத்துல முப்பத்தோரு வருஷம் இருந்தேன் இன்ஜினியரு. கரண்டு கேட்டுப் பதினோரு மனு குடுத்தேன். ஒருத்தனாவது எட்டிப் பாத்தானா? இங்க வந்து ஒரு மாசந்தான். மீட்டர்க்காரன் வரான், குழாய்க்காரன் வரான், நேத்து நர்சு வந்து கேக்காமலே ஊசி போட்டுட்டுப் போறா. நான் எங்க இருக்கேன்னு இப்பத்தான் அரசாங்கத்துக்குத் தெரிஞ்சிருக்கு.”

நான் இன்ஜினியர் இல்லை என்று வழக்கமாகச் சொல்வேன். அன்றைக்குச் சொல்லத் தெம்பில்லை.

ஆய்வாளர் வந்தார், எண்ணைச் சரிபார்த்தார், திருப்தியாகப் போனார். அன்று மாலையே தோன் செகுந்தோ இரண்டு அணிப் பையன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

“தோன்யா, இருபத்திரெண்டு பேரு இருக்கோம். அப்படியே தூக்கிக்கிட்டுப் போய் உங்க நிலத்துல வச்சிடறோம். ஒரு பீங்கான்கூட உடையாது.”

“வீட்டைத் தூக்குவீங்க. கரண்டுக் கம்பியை யாரு தூக்குவா? குழாயை?”

தோன் செகுந்தோ என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அந்த ஆற்றோரத்துக்கு இன்னும் முப்பது வருஷத்துக்குக் கம்பம் வராது என்று எனக்குத் தெரியும்.

“என் நிலம் சும்மாதானே கெடக்கு. ஆறே நிரவிக் குடுத்திருக்கு, உங்க மைதானத்தைவிட சமம். அங்க போய் விளையாடுங்க. இந்த இடத்தை எனக்குக் குடுத்திடுங்க.”

கடகடவென்று சொல்லிவிட்டு, எரியாத அடுப்பை ஊதத் தொடங்கினார். யாரும் கை தட்டவில்லை. ஊர்ச்சபை கூடி இரண்டு நிலத்தையும் மாற்றிப் பதிவு செய்தது. எங்கள் வரைபடத்தில் எதையும் கழிக்கத் தேவையில்லாத ஒரே வீடு இன்றைக்கும் அதுதான்.

ஆற்றோரத்துப் புது மைதானத்தில் நடந்த முதல் மேட்சுக்கு நான்தான் கோட்டு நடுவர். இரண்டாவது பாதியில் தோன்யா பெட்ரோனிலா ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்து வந்து, இடது ஓரத்தில் கோட்டுக்குப் பத்தடி உள்ளே போட்டு உட்கார்ந்தார். பந்து அவரைத் தாண்டி உருண்டது. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் ஓடினேன்.

“தோன்யா, மேட்ச் நடக்குது.”

“தெரியுது. அடுப்பு இங்கதான் இருந்துச்சு.”

இருந்திருக்கும். ஆறு கொண்டுபோன அந்த வீட்டின் நான்கு மூலையும் எனக்கு மனப்பாடம், உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் தெரியாது. அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குக் காரணம் நான்தான் என்பது அப்போதுதான் நெஞ்சில் இறங்கியது.

“வாசல் எந்தப் பக்கம் தோன்யா?”

ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். ஆட்டக்காரர்கள் அங்கங்கே நின்றுவிட்டார்கள். நான் கொடியைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போய், வாசல் இருந்த பக்கமாக உள்ளே வந்து, அவருக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன்.