கசூபாவின் இடுப்புக்கு ஓர் எழவு

கட்டிய மனைவியைத் தூக்கி உட்காரவைக்க ஆப்பிரிக்கக் கண்டத்தில் எந்த ஆண்மகனும் இன்றுவரை யாரிடமும் பாடம் கேட்டதில்லை என்று லாசரோ கசூபா அறிவித்தார். அப்படிக் கேட்டவன் எவனாவது இருந்தால் அவன் ஆண்மகனாக இருக்கமாட்டான். அல்லது அந்தப் பெண் அவன் மனைவியாக இருக்கமாட்டாள். இரண்டில் எது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கப்வே நகர ரயில்வே காலனி முடிதிருத்தும் கடையில், பாதி முகம் மழித்தும் மீதி நுரையோடும் உட்கார்ந்து அவர் இதைச் சொன்னார். கத்தி அவர் கழுத்தில் இருந்தது. இருந்தாலும் பயந்தது கத்தியைப் பிடித்திருந்தவன்தான்.

கசூபா ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர். தெற்கு எல்லையிலுள்ள லிவிங்ஸ்டன் வரை சரக்கு ரயில் ஓட்டியவர். "நாப்பது வேகன் இழுத்தவனுக்கு ஒரு எஸ்னாட் பெரிசா?" என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி. அதை அதிகம் காதில் வாங்கியவள் அவர் மனைவி எஸ்னாட். அவளிடம் நிரந்தரமாக ஒரு பதிலும் இருந்தது.

"நாப்பது வேகனையும் எஞ்சின் இழுத்துச்சு. இவரு ஹாரன் அடிச்சாரு."

பக்கவாதம் எஸ்னாட்டின் வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டுவிட்டது. நாக்கைத் தொடவில்லை. கை கால் செய்துவந்த வேலையையும் நாக்கே சேர்த்துச் செய்யத் தொடங்கியது. அவளைக் குளிப்பாட்டுவது, உடுத்துவது, சோளக்களி கிண்டுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றுவது எல்லாம் கசூபா ஒருவரே. யாரும் உதவிக்கு வந்தால் வாசலிலேயே வழியனுப்பிவிடுவார்.

அவரை நேருக்கு நேர் கிண்டல் செய்ய உரிமை பெற்றவன் ஊரில் ஒருவன்தான்: பக்கத்து வீட்டு அக்சன் ஜேரே. ஒரு காலத்தில் கடைப் பலகைகளுக்குப் பெயர் எழுதியவன். கசூபா பெம்பா இனம், ஜேரே ங்கோனி. இரு இனத்தாரின் முன்னோர்களும் ஈட்டியால் சண்டைபோட்டு அலுத்தபிறகு, இனி வாயால் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவுசெய்து முறைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். பெம்பாவை ங்கோனி "குரங்கு தின்னி" என்பான். ங்கோனியை பெம்பா "எலி தின்னி" என்பான். கோபித்துக்கொள்ள யாருக்கும் அனுமதியில்லை. எழவு வீட்டில்கூட முறைக்காரன் பிணத்தைக் கேலி செய்யலாம்; அன்று அந்த வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம்.

ஜேரே தன் வயதான தாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு, பழைய பாக்கிகளுக்காக அவள் அவ்வப்போது அவனை அடிப்பாள். வியாழன்தோறும் அவளை சைக்கிள் கேரியரில் மெத்தை போட்டு உட்காரவைத்து மாதா கோயில் மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போவான். கிளினிக் நர்ஸ் ஒருத்தி அங்கே ஒரு கூட்டம் நடத்தினாள். முதியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து மத்தளத்துக்குக் கை காலை ஆட்டுவார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், ஆளைத் தூக்கும் விதம் படித்துவிட்டு, கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்து புலம்புவார்கள். புலம்பலுக்கு ஒரு விதி இருந்தது. சுட்ட சோளக்கதிர் ஒருவர் கையில் இருக்கும்வரை அவர் பேசலாம்; அதைத் தின்று முடிக்கும்வரை குறுக்கே யாரும் புத்தி சொல்லக் கூடாது. சோளம் கிடைக்காத மாதங்களில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கிழங்கு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, துக்கம் தீரவில்லை என்ற குறை உண்டு.

கசூபா அதற்குப் புலம்பல் சங்கம் என்று பெயர் வைத்திருந்தார். பெண்கள் இடுப்பில் சுற்றும் சித்தெங்கே துணியை நோயாளியின் இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஆம்பளைகள் முன்னும் பின்னும் ஆடுவதை ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்திருக்கிறார். யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்துவிட்டு வந்தார்.

ஆனால் ஒரு மாதமாக அவர் இடுப்பு, துருப்பிடித்த வேகன் இணைப்புக்கொக்கி போலக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. எஸ்னாட்டைத் தூக்கும்போதெல்லாம் அந்தச் சத்தத்தை மறைக்க இருமினார். இருமலுக்கு எஸ்னாட் இஞ்சிக் கஷாயம் போடச் சொன்னாள். போட வேண்டியவரும் அவர்தான்.

மறைக்கக் காரணம் இருந்தது. தலைநகர் லுசாகாவில் வங்கி வேலையில் இருக்கும் மகள் சிலேஷே கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: ஒருதடவை அம்மா விழுந்தாலும் சரி, அப்பா விழுந்தாலும் சரி, அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அவள் வீட்டில் அம்மாவுக்கு இடம் இருந்தது, இருவருக்கும் இல்லை. கசூபா வேலையில் இருந்த காலமெல்லாம் பாதி இரவுகள் வழியோர ரயில்வே விடுதிகளில் கழிந்தன. ஓய்வுபெற்றதே எஸ்னாட் இருக்கும் வீட்டில் தூங்கலாம் என்றுதான். இதை முடிதிருத்தும் கடையில் அவர் அறிவித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை சிலேஷே மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. காலையில் கசூபா எஸ்னாட்டின் அக்குளில் கைகொடுத்து, இருமலைத் தயார் செய்துகொண்டு, தூக்கினார். பாதி உயரத்தில் இடுப்பில் ஏதோ ஒன்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. மேலே போகவும் முடியவில்லை. கீழே விடவும் முடியவில்லை. இருவரும் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"சிலேஷே அப்பா," என்றாள் எஸ்னாட் அவர் தோளுக்குள்ளிருந்து. "இது எந்த ஸ்டேஷன்?"

"சிக்னல் விழல," என்றார் கசூபா.

புதுச்சோளம் கொடுக்க வந்த ஜேரே இந்தக் காட்சியைப் பார்த்தான். கேலியை அப்போதைக்கு அடக்கிக்கொண்டான். கொடியிலிருந்த சித்தெங்கேயை உருவி எஸ்னாட்டின் இடுப்பில் கட்டினான். கசூபாவின் கையை விடுவித்து, தன் முழங்காலை அவள் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, இருமுறை சேர்ந்து ஆடி, மூன்றாவது ஆட்டத்தில் அவளை நாற்காலிக்குத் திருப்பி உட்காரவைத்தான். ஒரு கையிலிருந்து மறுகைக்குக் குருவியை மாற்றுவது போலிருந்தது. கசூபா மட்டும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கொக்கி வடிவத்தில் மிச்சமிருந்தார்.

"வியாழக்கிழமை வா மச்சான். ஒரு கதிரு தின்னா போதும்."

"எலி தின்னிகிட்ட பாடம் கேக்குறதுக்குப் பதிலா இப்படியே நின்னு செத்துப்போவேன்."

"அப்படியா," என்று ஜேரே வெளியே போனான். அதே சித்தெங்கேயைத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்து மண்ணில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினான். "எங்க எஞ்சின் நின்னுபோச்சே! மலைமேல நின்னுபோச்சே! இனி எந்த வண்டி எங்களை லிவிங்ஸ்டன் கூட்டிட்டுப் போகும்!"

இறந்தது கசூபாவின் இடுப்பு மட்டும்தான் என்பதை அவன் சொல்லவில்லை. அந்தக் காலனியில் ஒப்பாரி கேட்டால் யார், எப்படி என்று கேட்டுவிட்டுப் போவது மரியாதை இல்லை. முதலில் போக வேண்டும், அழ வேண்டும், அப்புறம் மெதுவாகத் தெரிந்துகொள்ளலாம். எனவே ஒருத்தி சோளமாவோடு வந்தாள், இன்னொருத்தி கரிமூட்டையோடு. ஆண்கள் விறகு கொண்டுவந்து முற்றத்தில் எழவுத்தீ மூட்டி, தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். முடிதிருத்துகிறவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவர் மறுபாதி முகத்தைத் தான் இன்னும் கொஞ்சம் நன்றாக மழித்திருக்கலாம் என்றான்.

சிலேஷே வாசலுக்கு வந்தபோது கண்டது தீயும் தொப்பியில்லாத தலைகளும். அவள் கையிலிருந்த பை விழுந்தது. முட்டைக்கோஸ் உருண்டு போய்த் தீயருகே நின்றது. கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். அம்மா நாற்காலியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... யாரு?" என்றாள் சிலேஷே.

"உங்க அப்பா இடுப்பு," என்றாள் எஸ்னாட். "காலையிலதான். சட்டுனு போயிடுச்சு, அவஸ்தைப்படல."

சிலேஷே சிரிக்கவில்லை. அலமாரிமேலிருந்த பெட்டியை இறக்கினாள். அம்மாவின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்கத் தொடங்கினாள். எஸ்னாட் தேநீரைக் கீழே வைத்தாள். கசூபா ஏதாவது அறிவிப்பார் என்று ஜன்னலுக்கு வெளியே எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைந்திருந்ததால் பெட்டி அவர் கண்ணுக்கு நேரே இருந்தது.

ஜேரே உள்ளே வந்து பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"சிலேஷே, எழவு வீட்டுலேருந்து சாமான் வெளிய போகக் கூடாது. எழவை ஆரம்பிச்சவன் நான். நான்தான் முடிக்கணும். வியாழக்கிழமை சாயங்காலம் முடியும்."

அப்படி ஒரு சட்டம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் முறைக்காரன் சொல்லிவிட்டான், வெளியே தீ எரிகிறது, மாவும் வந்துவிட்டது. பெரியவர்கள் ஜன்னல் வழியாகத் தலையாட்டினார்கள். சிலேஷே கையிலிருந்த துணியைக் கட்டிலில் போட்டாள். வங்கிக்கு லீவு சொன்னாள். வியாழக்கிழமை அப்பா தன் கண்முன் அம்மாவைத் தூக்கி மாற்ற வேண்டும். இருவரில் ஒருவர் முனகினாலும் பெட்டி கிளம்பும் என்றாள். அதுவரை அம்மாவை அவளும் ஜேரேயும் மாற்றினார்கள். கசூபாவுக்கு நர்ஸ் தைலமும் வெந்நீர் ஒத்தடமும் ஏற்பாடு செய்தாள். இடுப்பு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கொண்டுவந்த மாவைத் திருப்பிக் கொடுப்பது கெட்ட சகுனம் என்று காலனியே அங்கு சாப்பிட்டது.

வியாழக்கிழமை கசூபா எஸ்னாட்டின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். வண்டி தள்ளத்தான் வந்தேன் என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும், சொன்னார். மண்டபத்தில் நர்ஸ் அவர் கையில் எஸ்னாட்டின் பூப்போட்ட சித்தெங்கேயைக் கொடுத்து, முதலில் நோயாளியாக ஜேரேயை உட்காரவைத்தாள். ஜேரே கைகால் விளங்காதவனாக மிகுந்த ஈடுபாட்டோடு சரிந்தான்.

"மெதுவா மச்சான். நான் குரங்கு இல்ல, கழுத்தைப் பிடிச்சுத் தூக்க."

கசூபா பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினார். முதுகை நிமிர்த்தினார். முட்டுக்கொடுத்தார். ஆடினார். ஜேரே எழுந்தான், திரும்பினான், திட்டிக்கொண்டே உட்கார்ந்தான். மறுபடி. மறுபடி. பிறகு எஸ்னாட்.

மத்தளம் நின்றது. வாசலில் சிலேஷே கைகட்டி நின்றாள். கசூபா சித்தெங்கேயைக் கட்டினார், முடிச்சைச் சரிபார்த்தார். ஒன்று, இரண்டு என்று இருவரும் முன்னும் பின்னும் ஆடினார்கள். மூன்றில் எஸ்னாட் எழுந்து, அவர் கைக்குள் திரும்பி, அடுத்த நாற்காலியில் அமர்ந்தாள். கிறீச்சென்ற சத்தம் எதுவும் இல்லை. யாரும் இருமவில்லை.

"இப்பத்தான் வண்டி குலுங்காம கிளம்புது," என்றாள் எஸ்னாட்.

சிலேஷே கட்டிய கையைப் பிரித்து உள்ளே வந்தாள். பிறகு லுசாகா பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுக் கிளம்பினாள். கையில் அவளுடைய பை மட்டும்தான் இருந்தது.

கரியடுப்பைச் சுற்றிப் பெஞ்சு போட்டார்கள். ஒரு வாழைப்பழ வியாபாரி தன் மாமனாரைப் பற்றிப் புலம்பி முடித்தாள். அடுத்த கதிர் கசூபாவின் கைக்கு வந்தது. தனக்குக் குறை ஒன்றுமில்லை, பசிக்கிறது, அதனால் தின்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு வரிசையைக் கடித்தார். இன்னொரு வரிசை. எல்லாரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"களி அடிப்பிடிக்குது," என்றார் கசூபா. "எப்படிக் கிண்டுனாலும் கட்டி விழுது. அவ ஒண்ணும் சொல்லாம முழுங்குறா. எல்லாத்துக்கும் ஒண்ணு சொல்றவ, அதுக்கு மட்டும் சொல்றதில்ல."

யாரும் புத்தி சொல்லவில்லை. கரி ஒன்று வெடித்து அடங்கியது.

"ராத்திரி அவ மூச்சு கேக்குதான்னு பாத்துக்கிட்டே படுத்திருக்கேன். கேக்கலன்னா எழுந்திருச்சுடுறேன். கேட்டாலும் எழுந்திருச்சுடுறேன்."

கதிர் தீர்ந்துவிட்டது. வெறுங்கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் ஒரு மணிகூட மிச்சமில்லை. ஜேரேயின் பக்கம் பார்க்காமல், பெஞ்சில் சற்று முன்னால் நகர்ந்து, அடுப்பிலிருந்த அடுத்த கதிருக்குக் கை நீட்டினார்.