நயினாரின் பட்டி

இனித் தேறாது என்று டாக்டர் கைவிட்ட மாடுகளைத் தன்யகுமார் எங்கேயோ ஒரு நல்ல இடத்துக்கு அனுப்பி வைக்கிறார் என்றுதான் நூருல்லா நினைத்துக்கொண்டிருந்தார். எந்த இடம் என்று அவர் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தச் சின்ன மாட்டாஸ்பத்திரியில் மொத்தமே மூன்று பேர். டாக்டர் சுப்பிரமணி, மருந்து கலக்கும் கம்பவுண்டர் தன்யகுமார், மாட்டைப் பிடித்துக் கட்டிப் புண்ணைக் கழுவுகிற நூருல்லா. டாக்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். மற்ற இரண்டு பேரும் பதினோரு வருஷமாக அங்கேயே இருந்தார்கள். தன்யகுமார் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். ஊரில் அவர்களை நயினார் என்பார்கள். நூருல்லாவும் அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கு நூருல்லா, பாய். பொழுது சாய்ந்தபின் தன்யகுமார் வாயில் ஒரு பருக்கை போகாது என்பதால், ஐந்து மணிக்கு மேல் மாடு வந்தால் நூருல்லா அவரை வீட்டுக்கு விரட்டிவிடுவார். நோன்பு மாதத்தில் நூருல்லாவின் மத்தியான வேலை முழுவதையும் தன்யகுமார் இழுத்துப் போட்டுச் செய்வார்.

நூருல்லாவின் அண்ணன் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தவர். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ வந்ததும் வண்டியை விறகுக்கு விற்றார். குதிரையை வாங்க ஆளில்லை. பிஜிலி என்று பெயர், வெள்ளைக் குதிரை, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அதைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வேப்பமரத்தில் கட்டிவிட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் விழித்துக்கொண்டு நின்றபோது, தன்யகுமார் வந்து கயிற்றை அவிழ்த்துக் கையில் வாங்கிக்கொண்டார்.

"குடுங்க பாய். நான் பாத்துக்கறேன்."

எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வார் என்று அன்றைக்கும் நூருல்லா கேட்கவில்லை. கேட்டிருந்தால் கயிற்றைத் திரும்ப வாங்க வேண்டி வந்திருக்கும்.

எண்பத்து மூன்றில் மழை பொய்த்தது. கிணறுகளில் தவளை கத்தவில்லை. வைக்கோல் வண்டி வந்தால் ஜனங்கள் ரோட்டிலேயே மறித்துப் பிடுங்கினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காலையில் வந்து பார்த்தால், யாரோ கட்டிவிட்டுப் போன எலும்பு மாடு ஒன்று நிற்கும். தன்யகுமார் அதைத் தட்டிக்கொடுத்து, சாயங்காலம் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். ஆளும் நாளுக்கு நாள் உலர்ந்துகொண்டு வந்தார். சட்டையில் சாணி வாடை அடித்தது. மாட்டாஸ்பத்திரியில் அந்த வாடையை யார் தனியாகக் கவனிப்பார்கள்?

சித்திரை மாதம் மூன்று நாள் அவர் வேலைக்கு வரவில்லை. "போய்ப் பாத்துட்டு வாங்க நூருல்லா" என்றார் டாக்டர்.

நூருல்லா சைக்கிளில் தன்யகுமார் குடியிருந்த அடி அண்ணாமலைக்குப் போனார். டீக்கடை வைத்திருந்த தருமனிடம் வழி கேட்டார். தருமனுக்கும் நான்கு கறவை உண்டு, ஆஸ்பத்திரிக்குப் பழகினவன்தான்.

"நயினார் கொல்லைதானே? மோப்பம் புடிச்சிக்கினே போங்க பாய், வந்துடும்" என்றான் தருமன். சிரிக்காமல் சொன்னான்.

ஊரைத் தாண்டி ஓடை ஓரத்தில் கள்ளிவேலி போட்ட முக்கால் ஏக்கர் கொல்லை. நடுவில் ஓட்டுவீடு. வாசல் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன நூருல்லாவுக்கு முதலில் மாடுகள் தெரியவில்லை, எலும்புகள்தான் தெரிந்தன. தரை முழுக்கச் சாணியும் மூத்திரமும் முழங்கால் அளவு மிதிபட்டுக் கிடந்தது. எருதுகள், எருமைகள், கால் ஒடிந்த கன்றுகள், இரண்டு கழுதைகள், ஆடுகள். உட்கார இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. வேலி ஓரத்தில் பனையோலை போட்டு மூடியிருந்த மேட்டிலிருந்து ஈக்கள் எழுந்தன. ஓலைக்கு வெளியே ஒரு குளம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

தன்யகுமார் ஜுரத்தோடு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, வேப்பந்தழையைக் கழித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பாய். நாளைக்கு வந்துடுவேன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"வீட்டுக்காரம்மா எங்க?"

"ஜ்வாலாமாலினி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. தையிலே போனா." ஒரு கொத்தைக் கழித்துப் போட்டுவிட்டு, "ராத்திரியில மாடு கத்தறது அவளுக்கு ஆவல" என்றார்.

"எத்தினி இருக்குது நயினாரே?"

"நாப்பது இருக்கும்."

நூருல்லா எண்ணினார். அறுபத்து மூன்று. எண்ணிக்கொண்டு போகும்போதுதான் சுவர் மூலையில் பிஜிலியைப் பார்த்தார். முகத்தைச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டு நின்றது. ஒரு வருஷமாகச் சீவாத குளம்புகள் முன்னால் வளர்ந்து, மேல்நோக்கி வளைந்து, பழைய காலத்துச் செருப்பு மாதிரி இருந்தன. நடந்தால் விழுந்துவிடும். அதனால் அது நடப்பதை விட்டுவிட்டது. இவர் குரலுக்குக் காதை மட்டும் திருப்பியது.

"இதுங்களுக்குத் தீனி?"

"தழை ஒடிக்கிறேன். ஓட்டல்ல எச்சில் எலை குடுக்கறாங்க. ஒரு மழை பேஞ்சிட்டா போதும் பாய், ஓடையெல்லாம் புல்லுதான்."

"இனிமே ஒண்ணும் கொண்டாராதீங்க. உங்க கையக் காலா நெனச்சிக் கேக்கறேன்."

தன்யகுமார் ஒத்துக்கொள்கிறவர்போல் தலையை அசைத்தார்.

மறுநாளே நூருல்லா குளம்பு சீவும் கத்தியோடு போய்ப் பிஜிலிக்குக் காலைச் சரிசெய்தார். அதற்குப் பின் இரண்டு வாரம், வேலை முடிந்ததும் கட்டுக்கட்டாக அகத்தித்தழையும் பூவரசந்தழையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அறுபது வாய்க்கு ஒரு சைக்கிள் தழை எந்த மூலைக்கு? கட்டை அவிழ்ப்பதற்குள் முட்டிமோதிக்கொண்டு வந்தன. பலமுள்ளது தின்றது. படுத்துக் கிடப்பது பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு வாரத்தில் ஐந்து செத்தன. புதிதாக நான்கு வந்தன.

நான்காவதை ஓட்டிக்கொண்டு வந்த அன்று நூருல்லா படலை மறித்து நின்றார்.

"வுட்டுடுங்க நயினாரே. இது இங்க வந்து பட்டினியில சாவறதுக்கு, வளத்தவன் வீட்டுலயே சாவட்டும்."

"வளத்தவன் எங்க வைக்கிறான்? நாளைக்கே லாரியில ஏத்திடுவான்." தன்யகுமார் குனிந்த தலை நிமிரவில்லை. "உங்க மச்சான் தொழில் எனக்குத் தெரியாதா பாய்?"

நூருல்லாவின் மனைவியின் தம்பி நசீருதீன் மாட்டு வியாபாரி. வாங்கி வேலூர்ப் பக்கம் அடிமாட்டுக்கு அனுப்புகிறவன். பதினோரு வருஷத்தில் தன்யகுமார் அவன் பேச்சை எடுத்ததே இல்லை. நூருல்லா படலை விட்டு விலகினார். மாடு உள்ளே போனது.

அடுத்த வாரம் ஓர் எருதின் வாயிலிருந்து நூல்நூலாக எச்சில் ஒழுகியது. நூருல்லா அதன் உதட்டைப் பிரித்துப் பார்த்தார். நாக்கில் கொப்புளம். கால் பிளவைப் பார்த்தார், அங்கேயும். கோமாரி. ஒட்டுவாரொட்டி நோய். கொல்லையின் ஓடை வழியாகத்தான் அடி அண்ணாமலை மாடுகள் குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும்.

தன்யகுமாரிடம் காட்டினார். கம்பவுண்டருக்குத் தெரியாத கோமாரியா? ஆனாலும், "வெயில் கொப்புளம் பாய். மோர் தடவினா ஆறிடும்" என்றார். பயந்துபோன குழந்தையைப் போல் அவர் முகம் இருந்தது.

அன்று வீட்டில் நூருல்லா மனைவி ரஹமத்துன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"சொல்லிடுங்க. தருமன் வீட்டு மாடு இன்னா பாவம் பண்ணுது?" என்றாள் முதலில். சாப்பாடு போட்டு முடித்தபின், "சொன்னா அவரு வேலை போயிடுமா?" என்று கேட்டாள்.

"போவும்."

"மாடுங்க?"

"மாட்டுப் பவுண்டுல அடைப்பாங்க. அப்புறம் ஏலம். ஏலத்துல யாரு எடுப்பாங்கன்னு உனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு போனவள் கதவருகில் நின்றாள். "பாய் காட்டிக் குடுத்து, மச்சானுக்கு மாடு புடிச்சிக் குடுத்தான்னுதான் ஊரு பேசும். எனக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்றாள்.

காலையில் அவர் டாக்டரிடம் வாயால் சொன்னார். டாக்டர் சுப்பிரமணி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கெட்டவரில்லை, அடுத்த வருஷம் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்.

"இதை நீங்க எழுத்துல குடுத்தா நான் மேல அனுப்பணும். அவரு சஸ்பெண்ட் ஆவாரு. ஆஸ்பத்திரிக்கு வந்த மாட்டை எப்படி வீட்டுக்கு ஓட்டிக்கினு போனேன்னு கேப்பாங்க. உங்களையும் கேப்பாங்க, ஒரு குதிரை குடுத்திருக்கீங்க இல்ல? எழுத்துல குடுக்கலன்னா நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"நீங்க ஒரு தடவ வந்து பாருங்க சார்."

"பாத்தா நானே எழுதணும்யா" என்றார் டாக்டர், கெஞ்சுகிற குரலில்.

நூருல்லா மூன்று நாள் எழுதவில்லை. அந்த மூன்று நாளும் தன்யகுமார் பக்கத்தில் நின்று மருந்து கலக்கினார், அவர் பேசினால் நூருல்லா பதில் சொன்னார். நான்காம் நாள் காலை தருமன் தன் கறவையை ஓட்டிக்கொண்டு வந்தான். வாயில் எச்சில் நூல். "நேத்திலேர்ந்து புல்லத் தொடல பாய்" என்றான்.

அன்று மத்தியானம் நூருல்லா எழுதினார். அவர் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பெயர், இடம், தலை எண்ணிக்கை, நோய். கீழே கையெழுத்து. எழுதிய தாளைத் தன்யகுமாரிடம் முதலில் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அறுபத்தி ரெண்டு இல்ல பாய். நேத்து ராத்திரி ஒண்ணு போச்சு. அறுபத்தி ஒண்ணு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

ஜீப் வந்தது. அதிகாரிகள் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். தன்யகுமார் சஸ்பெண்ட் ஆனார். ஆனால் நூருல்லா பயந்த ஏலம் உடனே வரவில்லை. கோமாரி கண்ட மாடு கொல்லையை விட்டு ஒரு அடி வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நோய் தீரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அரசாங்கம் ஒரு லாரி வைக்கோல் கொடுத்தது. அது ஆறு நாளைக்கு வந்தது. இரண்டாவது லாரிக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். வைத்தியம் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே? நூருல்லாவைப் போட்டார்கள்.

இப்படியாக, புகார் கொடுத்தவரும் கொடுக்கப்பட்டவரும் அதே கொல்லையில் ஒரு மாதம் சேர்ந்து வேலை செய்தார்கள். தன்யகுமார் மாட்டின் தாடையைப் பிளந்து பிடிப்பார். நூருல்லா பர்மாங்கனேட் தண்ணீரை ஊற்றி வாயைக் கழுவுவார். பிறகு குளம்புகள். வேலைக்கு வேண்டிய பேச்சுதான். "தூக்குங்க", "போதும்", "அடுத்தது". தினமும் ஒன்றோ இரண்டோ செத்தன. நோயால் பாதி, பட்டினியால் பாதி. எது எதனால் என்று படிவத்தில் எழுதக் கேட்டிருந்தார்கள். நூருல்லா எல்லாவற்றுக்கும் கோமாரி என்றே எழுதினார்.

குதிரைக்குக் கோமாரி வராது. ஆனாலும் மூன்றாம் வாரம் பிஜிலி கீழே விழுந்து எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் மூச்சு நின்றது. இரண்டு பேரும் குழி வெட்டினார்கள். காய்ந்த மண், கடப்பாறை தெறித்தது. இருட்டுவதற்குள் முடியாது என்று தெரிந்ததும் நூருல்லா, "நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றார். தன்யகுமார் போகவில்லை. அன்று அவர் சாப்பிடவே இல்லை.

குழியை மூடியபின் அவராகவே பேசினார். "நான் உங்க எடத்துல இருந்தா எழுதியிருப்பேனான்னு யோசிச்சிப் பாத்தேன் பாய். எழுதியிருக்க மாட்டேன்."

அது குற்றச்சாட்டா, ஒப்புதலா என்று நூருல்லாவுக்குப் புரியவில்லை. "மச்சான் ஏலத்துக்கு வர மாட்டான். நான் சொல்லிட்டேன்" என்றார்.

"அவரு வரலன்னா இன்னொருத்தரு."

"ஆமா."

அதுதான் நடந்தது. ஆடி பிறந்து, உத்தரவு நீங்கி, மிச்சமிருந்த இருபத்தாறு உருப்படிகளையும் ஏலம் விட்டபோது நசீருதீன் வரவில்லை. வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்து எல்லாவற்றையும் எடுத்தார்கள். லாரியில் ஏற்றுமுன் தண்ணீர் காட்டிவிடலாமா என்று தன்யகுமார் கேட்டார். சரி என்றார்கள். அவர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொட்டிக்குக் கொண்டுவந்தார். தருமனின் கறவை அதற்கு முன்பே செத்திருந்தது. நசீருதீன்தான் வேறு ஆள் பெயரில் ஏலம் எடுத்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நூருல்லா மறுத்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

ஆவணியில் நல்ல மழை பெய்தது. ஓடை முழுக்க முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்தது.

தன்யகுமாருக்கு மறுபடி வேலை கொடுத்துச் செய்யாற்றுப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றினார்கள். போகும்போது சொல்லிக்கொண்டு போனார். ஜ்வாலாமாலினி வந்துவிடுவாள் என்றார். நூருல்லா பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

அடுத்த பங்குனியில், மருந்துப்பெட்டி கொண்டுவரும் வேன் டிரைவர் டீ குடித்துக்கொண்டே, "உங்க நயினாரைப் பாத்தேன் பாய். உங்களக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு" என்றான்.

"நல்லா இருக்காரா?"

"இருக்காரு. வீட்டுக்குப் பின்னால பெரிய கொட்டா போட்டிருக்காரு."

"உள்ள இன்னா இருக்குது?"

"மாடுங்க கத்திச்சி. நான் உள்ள போவல."

நூருல்லா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். வெளியே ஒரு கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு யாரோ கூப்பிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.