யாரிடமிருந்து

சேலை மறைப்புக்குள் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வருவதைச் சோலை பார்த்துக்கொண்டிருந்தார். குடத்தில் மஞ்சள் தண்ணீர் அப்படியே இருந்தது. உள்ளே பெஞ்சில் கிடத்தியிருந்த அவர் மனைவி முருகலட்சுமியின் உடலை இன்னும் யாரும் குளிப்பாட்டவில்லை.

வாடை ஒரு காரணம். அதைவிட, சோலையின் அக்கா மாரிக்கனியின் பேச்சுதான் எல்லோரையும் விலக்கி வைத்திருந்தது. கர்ப்பப்பை வாயில் வந்த புற்று, தொட்ட கையோடு வீட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் தங்கலட்சுமி மட்டும் உள்ளே நின்றாள், தனியாளாகத் தாயைப் புரட்டமுடியாமல்.

சோலைக்கு ஒன்றும் ஓடவில்லை. இருபது வருசம் லாரியில் பருத்தி லோடு ஏற்றிக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் போய்வந்தவர். முதுகு விட்டுப்போனபின் ரெட்டியபட்டியில் இரண்டு ஏக்கர் மானாவாரியோடு உட்கார்ந்துவிட்டார். பாஷை தெரியாத ஊர்களில்கூட இப்படி விழித்து நின்றதில்லை.

அப்போது நர்ஸ் பிரவீணா வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு வந்தாள். கடைசி நான்கு மாதமும் வீட்டுக்கே வந்து முருகலட்சுமியைப் பார்த்தவள். யாரிடமும் எதுவும் கேட்காமல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மறைப்புக்குள் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெளியே நின்றவர்களில் இரண்டு பேர் உள்ளே போனார்கள். பிறகு இன்னொருத்தி. மாரிக்கனி போகவில்லை.

கை கழுவக் குழாயடிக்கு வந்த பிரவீணாவிடம் சோலை சோப்பை நீட்டினார்.

"தொட்டா ஒட்டாதாம்மா?"

"ஒட்டாதுண்ணே. நாலு மாசமா நானும் தங்கலட்சுமியும் தொட்டுக்கிட்டுத்தான இருந்தோம்."

"பெறகு எப்படித்தான் வந்துச்சு?"

அவள் பந்தலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். அது ஒரு வைரஸ். புருஷன் பெண்டாட்டி சேரும்போது ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குப் போவது. பெரும்பாலானவர்களுக்கு வந்த சுவடே தெரியாமல் போய்விடும். சிலருக்கு மட்டும் உள்ளேயே தங்கி, பத்துப் பதினைந்து வருசம் கழித்துப் புற்றாக மாறும். அதற்குள் சோதித்துக் கண்டுபிடித்தால் சின்ன வைத்தியத்திலேயே தடுத்துவிடலாம்.

மூன்று வருசத்துக்கு முன் இந்தச் சோதனைக்கான முகாமுக்கு முருகலட்சுமியை வரச்சொல்லி இவளே இரண்டு முறை வந்தாள். பருத்தி எடுப்பு நேரம். நல்லா இருப்பவளை எதற்கு ஆஸ்பத்திரிக்கு இழுக்க வேண்டும் என்று கேட்டது சோலைதான். மாதவிலக்கு நின்று நாலு வருசம் கழித்து மறுபடி ரத்தம் பட்டபோதும், உடம்புச் சூடு என்று முருகலட்சுமி சொன்னதை அவரும் நம்பினார். இப்போது அதெல்லாம்கூடப் பின்னால் போய்விட்டது. லாரி ஓட்டிய காலத்து இரண்டு மூன்று பெண் முகங்கள், பெயர் தெரியாத முகங்கள், முன்னால் வந்து நின்றன.

"அப்ப, என்கிட்ட இருந்துதானா?"

"அத யாராலயும் சொல்ல முடியாதுண்ணே. எப்ப வந்துச்சு, யார்கிட்டருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க வழியில்ல."

ஆமாம் என்றிருந்தால் ஒரு வகை. இல்லை என்றிருந்தால் ஒரு வகை. இரண்டுமில்லாத இந்த இடத்தில் எப்படி நிற்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பிரவீணா அவர் மகளுக்கும் பேத்திக்கும் செய்யவேண்டியதைச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

மாலை போட்டுத் தூக்கப்போகிற நேரத்தில், மாரிக்கனி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"தம்பி ரோட்டுலயே கெடந்தான். இவ வீட்டுல எப்படி இருந்தாளோ, யாரு கண்டா."

"யக்கா," என்றார் சோலை. நாலைந்து பேர் திரும்பினார்கள். "அவ ஒழுங்காத்தான் இருந்தா. நாந்தான்..."

அதற்குமேல் வரவில்லை. அதற்குள் கொட்டுச் சத்தம் எழுந்துவிட்டது. பாடையைத் தூக்கினார்கள். யார் யாருக்குக் கேட்டது, கேட்டவர்களுக்கு என்ன விளங்கியது என்று தெரியவில்லை. மாரிக்கனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். தங்கலட்சுமி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு உட்கார்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கரண்டு இல்லை. பதினோரு வயதுப் பேத்தி அழுத களைப்பில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். தங்கலட்சுமி வந்து எதிரே சுவரோரம் உட்கார்ந்தாள்.

"நர்சக்கா உங்ககிட்ட என்னப்பா சொன்னாக?"

"முப்பது தாண்டுன பொம்பளைக எல்லாம் டெஸ்ட் பாத்துக்கிறணுமாம். உன்னய வரச் சொன்னாக. பிள்ளைக்கு ஊசி இருக்காம். இந்த வயசுலயே போட்டுட்டா இது வராமக் காக்குமாம்." கொஞ்சம் நிறுத்தினார். "காரியம் முடியவும் போவோம். நானும் வாரேன்."

அவள் சரி என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. இன்னும் ஏதோ வரவேண்டியிருக்கிறது என்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோலை பாயோரம் கிடந்த பேத்தியின் நோட்டு ஒன்றை எடுத்து, தூங்குகிற பிள்ளைக்கு வீச ஆரம்பித்தார். நெற்றியில் ஒட்டியிருந்த முடி மெல்ல எழுந்தது. கை ஓய்ந்தபோது படிந்தது. அவர் மறுபடி வீசினார்.