நிறைகுடமாய் வைத்த பூச்சாடி

அன்று அங்கிருந்தோர் ஐவர்: பெண்ணின் தந்தை தியாகராசா, தாய் ராஜினி, பெண் மாதவி, பெண்கேட்டுக் கிள்ளானிலிருந்து வந்த தங்கரத்தினம் அம்மையார், அவர் மகன் ஜெயந்திரன். வேறெவரும் இலர்; இதனை வாசிப்போர் நினைவில் இருத்துக. வானளாவிய மாடங்களின் கண்ணாடிகளில் காலைக்கதிர் தெறிக்க, தொடர்வண்டிப் பாலத்தின் நிழல் தெருவில் நீள, பூக்கடை மல்லிகையின் மணமும் வண்டிகளின் புகையும் ஒன்றையொன்று தழுவித் திரியும் பிரிக்பீல்ட்ஸ் நகர்ப்பகுதியில், அவ்வீடு மட்டும் மூச்சடக்கிய அவைபோல் அமைதி காத்தது.

யாழ்ப்பாண வழியினர் நன்னாளில் வாயிலில் வாழையிலை விரித்து, அரிசி பரப்பி, நீர் நிறைந்த பித்தளைக் குடமிருத்தி, மாவிலை செருகித் தேங்காய் வைப்பர். தியாகராசாவோ அன்று பித்தளையை விலக்கினார். மகள் தன் கையால் வனைந்து, மயிற்கழுத்தின் நிறமேற்றிச் சூளையில் சுட்டெடுத்த பூச்சாடியைக் கண்டு கிள்ளானார் வாயடைக்கட்டும் என்னும் பெருமிதம் பொங்க, ராஜினி தடுத்தும் கேளாமல், உள்ளே அணிசெய்துகொண்டிருந்த மகளிடம் ஒரு சொல்லும் வினவாமல், அதில் நீர் நிறைத்து வைத்தார்.

படியேறிய தங்கரத்தினம் நின்றுவிட்டார். சாடியின் அடியில் வியர்வைபோல் அரும்பிய நீர், அரிசியை நனைத்து, இலையின் நரம்புவழி ஓடி, அவர் காலைத் தொட்டது. நிறைகுடம் ஒழுகும் வீட்டில் பெண்ணெடுப்பதா என்னும் வினா அவர் முகத்தில் எழுந்ததைத் தியாகராசா கண்டார்.

“இது பிள்ளை செய்ததோ? வடிவுதான். ஆனா ஒழுகுதே,” என்றார் தங்கரத்தினம்.

வாயிலுக்கு வந்த மாதவி சாடியைப் பார்த்தாள், தந்தையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் தலைகுனிந்தாள். உலர்ந்த மலர்களுக்கென்றே வனைந்ததால் உட்புறம் நீர் தாங்கும் மெருகு பூசவில்லை என்று அவள் முன்னமே சொல்லியிருந்தது அப்போதுதான் தியாகராசாவின் நினைவில் எழுந்தது. தம் பிழையை எவர்முன்னும் ஒப்பியறியாத அவருக்கு, தம் மானம் காக்க மகள் பழிசுமந்து நின்ற அவ்வமைதி சூளையினும் வெம்மையாய்ச் சுட்டது.

“பிள்ளையில பிழையில்லை,” என்றார். “அது காய்ஞ்ச பூவுக்குச் செய்தது. நான்தான் கேக்காமத் தண்ணி ஊத்தினனான்.”

“பரவாயில்லை லா, அங்கிள்,” என்றான் ஜெயந்திரன். “அம்மா கால் கழுவிட்டுத்தான் உள்ள வாறா.”

தங்கரத்தினத்தின் இறுகிய முகம் நெகிழ்ந்தது. “பித்தளைக் குடத்தைக் கொண்டுவாங்கோ,” என்றார். “இந்தச் சாடி என்ர வீட்டுக்கு. பிள்ளை வரேக்க கொண்டு வரட்டும்.”

நிறைகுடம் உடைந்ததென்றும் மணப்பேச்சு முறிந்ததென்றும் நகரின் மறுபுறம் செந்தூல்வரை ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். சாடி உடையவில்லை, கசிந்தது. நீர் ஊற்றியவர் தியாகராசா, வனைந்தவள்மேல் குற்றமில்லை. அது இன்று கிள்ளானில், மாதவி புகுந்த வீட்டின் கூடத்தில், உலர்ந்த நாணற்பூக்களைத் தாங்கி நிற்கிறது.