பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றவன்

கஞ்சிப் பானையை இறக்கப்போன லன்யேரோ, பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைச் சாய்த்து வைத்த ஆளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். தூரத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. இடது காலை இழுத்து இழுத்து வைக்கும் அந்த நடை தெரிந்தது. காட்டில் இருந்த காலமெல்லாம் அந்தக் காலடி குடிசையை நெருங்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தவள் அவள்.

லகாட்டி. எல்லைக்கு அந்தப் பக்கம் செத்துப்போனான் என்றுதான் கேள்விப்பட்டிருந்தாள்.

சமையல் கொட்டகையின் புல் தட்டிக்குப் பின்னால் ஒடுங்கினாள். மாமரத்தடியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே குரலாகப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அவள் மகள் அர்யெமோவின் குரலும் இருந்தது.

தோட்டத்துக்குப் போன வழியில் கிளர்ச்சிக்காரர்கள் லன்யேரோவைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவளுக்கு இப்போதைய அர்யெமோவைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. வளர்ந்ததும் அவர்களில் ஒருவனான லகாட்டிக்கு மனைவி என்று கொடுத்தார்கள். ராணுவ ஹெலிகாப்டர் குண்டு போட்ட குழப்பத்தில் கைக்குழந்தை அர்யெமோவை முதுகில் கட்டிக்கொண்டு தப்பி ஓடிவந்தாள். காட்டுத் தீட்டுக் கழிய வீட்டு வாசலில் பச்சை முட்டையை மிதிக்க வைத்து, முறைப்படி உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். வீடு சேர்த்துக்கொண்டது, ஊர் வாய் சேர்த்துக்கொள்ளவில்லை.

அகதி முகாம்கள் கலைந்து, ஜனங்கள் திரும்பி வந்து, புதர் மண்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் தாங்களே செங்கல் அறுத்துக் கட்டியபோது, தலைமையாசிரியர் ஓடுர் அவளுக்குச் சமையல் வேலை கொடுத்தார். தாய்மார் சங்கத் தலைவி அபாலோ அதற்கே சண்டைக்குப் போனாள். அவள் மகன் ஓச்சானை இதே பள்ளிக்கூடத்திலிருந்துதான் கிளர்ச்சிக்காரர்கள் கொண்டுபோனார்கள், அவன் திரும்பவேயில்லை. காட்டுக்காரி கையால் பிள்ளைகள் கஞ்சி குடிப்பதா என்று லன்யேரோவின் காதுபடவே கேட்டாள்.

அந்த அபாலோ இப்போது மற்றப் பெண்களோடு புதுச் சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள்.

ஓடுர் கொட்டகைக்கு வந்தார். வந்தவன், சரணடைந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மன்னிப்புச் சீட்டைக் காட்டுகிறான், மகளைக் கூட்டிப்போக வந்ததாகச் சொல்கிறான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கிட்கும் டவுனுக்கு ஆள் அனுப்பினாலும் போலீஸ் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும்.

"நீ என்னம்மா சொல்ற?"

கூடாது என்று லன்யேரோ தலையை வேகமாக ஆட்டினாள்.

அதற்குள் வகுப்பு முடிந்து, பிள்ளைகள் கோப்பைகளோடு கஞ்சிக்கு ஓடிவந்துவிட்டார்கள். லகாட்டி அவர்களுக்கு நடுவே புகுந்து ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தான். கைக்குழந்தையாகப் பார்த்ததுதான், அடையாளம் தெரியவில்லை. லன்யேரோவின் பெண் யார் என்று சிரித்துக்கொண்டே கேட்டான். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. அவன் கால்சட்டை உரசும் தூரத்தில் அர்யெமோ நின்றாள். தட்டி இடுக்கில் லன்யேரோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பெண்கள் பக்கம் திரும்பி அபாலோவிடம் அதையே கேட்டான். முடிந்தது என்று நினைத்தாள் லன்யேரோ. அபாலோ விரலை நீட்டினால் போதும்.

அபாலோ கையிலிருந்த மண்ணைக் கூட வழிக்காமல் எழுந்து வந்தாள்.

"பொண்ணா? எந்த மாட்டைப் பரிசமாக் குடுத்து, யார் வீட்டுப் படியேறிக் கட்டின, உனக்குப் பொண்ணு இருக்க?"

"அது சண்டைக் காலம் அக்கா. பழசை எதுக்குக் கிளறணும்? அரசாங்கமே மன்னிச்சிடுச்சு."

"அது அரசாங்கம் பாடு. இந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து கொண்டுபோனீங்களே, அந்தப் பிள்ளைங்க எங்க? அதைச் சொல்லிட்டு அப்புறம் உன் பொண்ணைக் கேளு. என் ஓச்சான் எங்க?"

மற்றப் பெண்களும் எழுந்து வந்தார்கள். ஒருத்தி தன் மகள் பெயரைச் சொன்னாள். இன்னொருத்தி தம்பி பெயரைச் சொன்னாள். யாரும் குரலை உயர்த்தவில்லை. லகாட்டியின் சிரிப்பு அடங்கியது. அவன் ஓர் அடி பின்வாங்கினான். பிறகு அபாலோவை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஓச்சான்னா... புருவத்துல தழும்பு இருக்குமே, அந்தப் பையனா?"

அபாலோ அசையவில்லை.

"ஆத்தைத் தாண்டறப்போ தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு."

அபாலோ இருந்த இடத்திலேயே, குழைத்த மண் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவன் சைக்கிளைத் திருப்பினான். குலத்துப் பெரியவர்களோடு மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

லன்யேரோ வெளியே வந்தாள். அபாலோ நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ அங்க இருந்தவதானே. தண்ணிதானா?"

நடக்க முடியாத பிள்ளைகளை அந்த ஆற்றங்கரையில் என்ன செய்தார்கள் என்பதை லன்யேரோ கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"ஓச்சானை நான் பார்த்ததில்லக்கா. ஆனா நாங்க தாண்டினப்போ தண்ணி கரை புரண்டுதான் ஓடுச்சு," என்றாள்.

அபாலோ அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள் என்று லன்யேரோவுக்குப் புரிந்தது.

மறுநாள் விடியும்போது லன்யேரோ துணிமணிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். குலு டவுனில் சித்தி வீட்டுக்குப் போய்விடலாம் என்பது எண்ணம். அபாலோ வந்து குனிந்து குடிசைக்குள் எட்டிப் பார்த்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அங்கயும் தேடி வருவான். அங்க உனக்கு வாசல்ல நிக்க யாரு இருக்கா? எழுந்திரு, பிள்ளைங்களுக்குக் கஞ்சி நேரமாச்சு."

சில நாள் கழித்து அவன் குலத்துப் பெரியவர்கள் வரத்தான் செய்தார்கள். மாமரத்தடியில் லன்யேரோவின் மாமன்மார்களும் அபாலோவும் ஓடுரும் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். முறைப்படி கட்டாதவனுக்குப் பிள்ளை மேல் பாத்தியதை கிடையாது என்று அவர்களே ஒத்துக்கொண்டு எழுந்து போனார்கள். லகாட்டி அவர்களோடு வரவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அதுதான் லன்யேரோவை உலுக்கியது. வாசலில் பெண்கள் முறை வைத்துக் காவல் உட்கார்ந்தும், புல் சலசலத்தால் அவள் கை கரண்டியோடு நின்றுவிடும்.

ஒரு நாள் கோப்பையை நீட்டிக்கொண்டு அர்யெமோ கேட்டாள்: "அம்மா, அன்னைக்கு வந்தாரே, அவர் யாரு?"

லன்யேரோ கஞ்சியை ஊற்றினாள்.

"முதல்ல குடி. சொல்றேன்."

அர்யெமோ குடிக்கவில்லை. கோப்பையைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.